களைக்கொல்லியும் கூலிக் கணக்கும்

(மும்பையில் தமிழ் பேசும் தோழர்களுக்காக விவசாயப் பிரச்சினைகள் குறித்து நடைபெற்ற பயிலரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2018 மார்ச் மாதத்தில் நாசிக்கிலிருந்து புறப்பட்ட விவசாயிகளின் நெடும்பயணம் இம்மாநகருக்குள் நுழைந்த இரவை இங்கு அமர்ந்திருப்பவர்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். தேர்வெழுதும் பிள்ளைகளுக்கு இடையூறு நேரக்கூடாது என்பதற்காக அவர்கள் பகற்பொழுதைத் தவிர்த்து, இரவோடு இரவாக ஆசாத் மைதானத்திற்கு நடந்து சென்றார்கள். கொப்புளங்கள் வெடித்த அந்தப் பாதங்களுக்கு நம் தோழர்களும் பொதுமக்களும் மருந்திட்டார்கள். தண்ணீரும் செருப்பும் கொடுத்தார்கள். சுர்காணா, களவண், பேட் போன்ற மலையோர வட்டங்களிலிருந்து வந்த ஆதிவாசி மக்களே அந்த அணிவகுப்பில் பெரும்பகுதியினர். வன உரிமைச் சட்டத்தின்படி தாங்கள் உழும் நிலத்திற்குப் பட்டா வேண்டும் என்பது அவர்களின் முதன்மைக் கோரிக்கை.

அதே மக்களில் ஒரு பகுதியினர் ஆண்டில் சில மாதங்கள் மலையிலிருந்து கீழே இறங்குகிறார்கள். திண்டோரியிலும் நிஃபாடிலும் உள்ள திராட்சைத் தோட்டங்களில் கூலி வேலைக்குச் செல்கிறார்கள். ஏப்ரலில் ஒரு கவாத்து, அக்டோபரில் ஒரு கவாத்து, பிறகு குலை நனைப்பு, காய் கலைப்பு, அறுவடை என்று கொடியின் காலம் அவர்களுடைய காலத்தையும் நிர்ணயிக்கிறது. நான் இன்று பேச வந்திருப்பது இந்த வேலைகளுக்கு இடையே சத்தமில்லாமல் காணாமற்போன ஒரு வேலையைப் பற்றி. களையெடுப்பைப் பற்றி.

புல்லைப் பற்றிப் பேச ஒரு பயிலரங்கா என்று சில தோழர்கள் தேநீர் இடைவேளையில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். இந்தப் புல்லுக்குள் விவசாயி, விவசாயத் தொழிலாளி, பன்னாட்டு நிறுவனம், அரசின் ஆராய்ச்சிக்கூடம் ஆகிய நால்வரும் நிற்கிறார்கள். நம்முடைய இரண்டு வெகுஜன அமைப்புகளின் கோரிக்கைப் பட்டியல்களும் ஒன்றோடொன்று மோதும் இடமாகவும் அது இருக்கிறது. அந்த மோதலுக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் விஷயத்தைச் சற்று விஞ்ஞானமாகப் பார்ப்போம். நெல்வயலின் களையும் பழத்தோட்டத்தின் களையும் ஒரே தன்மையானவை அல்ல. வயலில் ஒவ்வொரு பருவத்திலும் உழவு உண்டு, பயிர் மாறுகிறது, தண்ணீர் நிறுத்தப்படுகிறது, வடிக்கப்படுகிறது. இவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு களையை அழிக்கும். திராட்சைக் கொடியோ ஆப்பிள் மரமோ ஒரே இடத்தில் பதினைந்து ஆண்டுகள், இருபது ஆண்டுகள், ஆப்பிளானால் அதற்கு மேலும் நிற்கிறது. ஆழ உழுதால் வேர் அறுபடும். எனவே கோரையும் அருகும் போன்ற பல்லாண்டுக் களைகள் அங்கே நிலையாகக் குடியேறுகின்றன. சொட்டுநீர்க் குழாயின் கீழே மண் எப்போதும் ஈரமாக இருப்பதால், கொடியின் காலடியே களைக்கும் நல்ல இடம்.

ஆனால் களை எல்லாக் காலத்திலும் சம அளவில் கேடு செய்வதில்லை. நட்ட முதல் மூன்று நான்கு ஆண்டுகளில் இளஞ்செடியின் வேர் மேலாக இருக்கும்போது, புல் அதன் நீரையும் தழைச்சத்தையும் பறித்துவிடும், செடி குன்றிவிடும். மரம் வளர்ந்து நிழல் விழத் தொடங்கிய பிறகு இழப்பு வெகுவாகக் குறைகிறது. பந்தல் முறையில் வளர்க்கப்பட்ட திராட்சையின் நிழலே பல களைகளை அடக்கும். வளர்ந்த தோட்டத்திலும் துளிர் விடும் காலம் முதல் காய் பிடிக்கும் காலம் வரையே போட்டி கடுமையாக இருக்கும். அப்போதும் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவு சுத்தமாக இருந்தால் போதும். வரிசைகளுக்கு இடையே உள்ள புல் மண்ணரிப்பைத் தடுக்கிறது. மழைநீரை மண்ணுக்குள் இறக்குகிறது. பூவுள்ள செடிகளாக இருந்தால் தேனீக்களுக்கு உணவாகிறது. தோட்டம் முழுவதும் ஒரு புல்கூட இல்லாமல் வழித்தெடுத்த தரையாக இருக்க வேண்டும் என்பது விஞ்ஞானத்தின் கட்டளை அல்ல. அது மருந்து விற்பவரின் விளம்பரப் படம்.

இமாச்சலப் பிரதேசத்தின் ஆப்பிள் தோட்டங்களில் இதை நேரில் காணலாம். அங்கே மரங்களுக்கிடையே வளரும் புல்லைப் பெண்கள் அரிவாளால் அறுத்துச் சுமந்து செல்வது பழைய வழக்கம். அந்தப் புல்தான் வீட்டு மாட்டுக்குத் தீவனம். காய்ந்த புல் மரத்தடிக்கு மூடாக்கு. மாட்டின் சாணம் மீண்டும் மரத்திற்கு எரு. களைக்கொல்லி வந்தபோது இந்தச் சுழற்சியில் ஒரு கண்ணி அறுந்தது. தீவனத்தை இனி விலைக்கு வாங்க வேண்டும். அல்லது மாட்டை விற்றுவிட வேண்டும். மருந்தின் விலையைக் கணக்கிடுகிற எவரும் இந்தச் செலவை அதனோடு கூட்டுவதில்லை.

அடுத்து மருந்துகளுக்கு வருவோம். பழத்தோட்டங்களில் அதிகம் பேசப்படுபவை இரண்டு: கிளைபோசேட், பாராகுவாட்.

கிளைபோசேட்டின் களைக்கொல்லும் ஆற்றலை மான்சாண்டோ நிறுவனத்தின் வேதியியலாளர் ஜான் ஃபிரான்ஸ் 1970-இல் கண்டறிந்தார். 1974-இல் ரவுண்டப் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. தாவரங்கள் சில அமினோ அமிலங்களைத் தாமே தயாரித்துக்கொள்ளும் ஒரு பாதையை அது அடைத்துவிடுகிறது. இலையில் பட்டது வேர்வரை இறங்கும். அதனால்தான் கோரையைப் போன்ற களைக்கும் அது பயன்படுகிறது. அந்தப் பாதை மனித உடலில் இல்லை என்பதை வைத்தே நெடுங்காலம் இது பாதுகாப்பானது என்று விற்கப்பட்டது. 2015 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதத்தக்க பொருட்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது. அமெரிக்க, ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்புகள் அம்முடிவை ஏற்கவில்லை. இந்த விவாதம் முடிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். மேடையில் நின்று "இது புற்றுநோய் மருந்து" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது நமக்கு அழகல்ல.

ஆனால் விவாதம் எப்படி நடத்தப்பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்க நீதிமன்ற வழக்குகளில் 2017 முதல் வெளியான மான்சாண்டோவின் உள் ஆவணங்கள், நிறுவனத்தின் ஆட்களே எழுதியவை சுதந்திர விஞ்ஞானிகளின் பெயரில் வெளியாகியிருப்பதைக் காட்டின. கிளைபோசேட் பாதுகாப்பானது என்பதற்கு உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்ட 2000-ஆம் ஆண்டு ஆய்வுக்கட்டுரை ஒன்று, இந்தக் காரணத்திற்காகவே 2025-இல் அதை வெளியிட்ட இதழால் திரும்பப் பெறப்பட்டது. கால் நூற்றாண்டுக் காலம் அது சான்றாக நின்றது! இதற்கிடையே 2018-இல் பேயர் நிறுவனம் மான்சாண்டோவை விலைக்கு வாங்கியது; அதே ஆண்டில் கலிபோர்னியாவில் பள்ளித் தோட்டப் பராமரிப்பாளர் ஒருவர் தொடுத்த வழக்கில் நடுவர் குழு அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது; ஆயிரக்கணக்கான வழக்குகளைத் தீர்க்க பேயர் பின்னர் பல நூறு கோடி டாலர்களை ஒதுக்க வேண்டியதாயிற்று. அமெரிக்கத் தொழிலாளிக்கு நீதிமன்றம் ஒன்று இருந்தது. சுர்காணாவிலிருந்து வரும் பெண்ணுக்கு, தான் தெளித்தது எந்த மருந்து என்று காட்ட ஒரு ரசீதுகூட இல்லை.

பாராகுவாட் வேறு வகை. அது பட்ட இலையைச் சில மணி நேரத்தில் கருக்கிவிடும். அதன் நச்சுத்தன்மையில் எந்த விவாதமும் இல்லை. ஒரு வாய் அளவு உட்சென்றாலே நுரையீரல் நாட்களிலோ வாரங்களிலோ நாராக இறுகி, மனிதன் நினைவோடு இருக்கும்போதே மூச்சு நின்றுபோகும். மாற்று மருந்து கிடையாது. சுவிட்சர்லாந்து 1989-இலேயே தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் இல்லை. சீனா 2016-இல் தன் உள்நாட்டில் அதன் திரவ வடிவ விற்பனையை நிறுத்தியது. ஆனால் இதன் முதன்மை உற்பத்தியாளரான சின்ஜெண்டாவை மறு ஆண்டே விலைக்கு வாங்கியது சீன அரசு நிறுவனம்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நமக்கு உவப்பான நாடா, உவப்பில்லாத நாடா என்று பார்த்து உண்மையை நறுக்கக்கூடாது. பிரிட்டன் தன் மண்ணில் பயன்படுத்தத் தடை செய்துவிட்டு, ஏற்றுமதிக்காகத் தயாரித்தது. தென்கொரியா 2012-க்குள் விற்பனையைத் தடை செய்தது. பூச்சிமருந்து அருந்தி நிகழும் தற்கொலைகள் அங்கே குறிப்பிடத்தக்க அளவு குறைந்தன, விளைச்சல் குறையவில்லை என்று ஆய்வுகள் காட்டின. நம் நாட்டில் கேரளம் 2011-இல் தடுத்தது. ஒடிசாவின் பூர்லா அரசு மருத்துவமனை மருத்துவர்கள் 2019-இல் இதைத் தடை செய்யக் கோரிப் போராட்டமே நடத்தினார்கள். நோயாளியின் முன் கைகட்டி நிற்க நேர்ந்த மருத்துவர்களின் போராட்டம் அது. இந்தியாவில் பாராகுவாட்டுக்கு இன்றும் அனுமதி உண்டு. அனுமதிக்கப்பட்ட பயிர்களின் பட்டியலில் திராட்சையும் ஆப்பிளும் இருக்கின்றன.

கிளைபோசேட்டின் நிலைமை இதைவிட விசித்திரம். நம் நாட்டுப் பதிவின்படி அது தேயிலைத் தோட்டத்திற்கும் பயிரில்லா நிலத்திற்கும் மட்டுமே உரியது. திராட்சைக்கோ ஆப்பிளுக்கோ அது பரிந்துரைக்கப்படவில்லை. ஆனால் கடைக்காரர் "புல்லுக்கு என்ன மருந்து?" என்று கேட்கும் விவசாயியிடம் அந்தப் பதிவுப் பட்டியலை நீட்டுவதில்லை, டப்பாவைத்தான் நீட்டுகிறார். 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு ஓர் ஆணை வெளியிட்டது: கிளைபோசேட்டை உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு இயக்குநர்கள் வழியாக மட்டுமே தெளிக்கலாம் என்று. நகரத்தில் கரையானுக்கும் கரப்பானுக்கும் மருந்தடிக்க வருகிறவர்களே அந்த இயக்குநர்கள். திண்டோரியின் ஊர்களில் அவர்களை எங்கே தேடுவது? நடைமுறைப்படுத்த முடியாத கட்டுப்பாடு என்பது, கட்டுப்படுத்தியதாகக் கணக்குக் காட்டும் ஓர் ஏற்பாடு மட்டுமே.

மாநில அரசு தடுக்கலாமே என்று கேட்பீர்கள். 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு மாநிலத்திற்குத் தருவது 60 நாட்கள் தற்காலிகத் தடை விதிக்கும் அதிகாரம். அதை மேலும் 30 நாட்கள் நீட்டலாம், அவ்வளவே. நிரந்தரத் தடை ஒன்றிய அரசின் கையில். அந்தக் கை எவ்வளவு வேகமாக இயங்கும் என்பதற்கு ஒரு சான்று: பிற நாடுகளில் தடைக்கோ கட்டுப்பாட்டுக்கோ உள்ளான 66 மருந்துகளை ஆராய 2013-இல் அனுபம் வர்மா குழு அமைக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 2020 மே மாதத்தில் 27 மருந்துகளைத் தடை செய்யும் வரைவு வெளியானது. அவற்றில் ஏழு களைக்கொல்லிகள். திராட்சைத் தோட்டத்தில் பயன்படும் டையூரானும் அவற்றுள் ஒன்று. உற்பத்தியாளர்கள் ஆட்சேபித்தார்கள், குழுக்கள் அமைந்தன. 2023-இல் இறுதி ஆணை வந்தபோது முழுத் தடைக்கு உள்ளானவை மூன்று மட்டுமே. அம்மூன்றில் ஒன்றுகூடக் களைக்கொல்லி அல்ல.

அரசால் கண்காணிக்கவே முடியாது என்று எண்ணிவிட வேண்டாம். முடியும் என்பதற்கும் இதே நாசிக்கே சாட்சி. 2010-இல் ஐரோப்பாவுக்குச் சென்ற இந்தியத் திராட்சைகளில் குளோர்மெக்வாட் என்ற வளர்ச்சி ஒழுங்குபடுத்தியின் எச்சம் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் இருப்பதாகக் கண்டறியப்பட்டது. கப்பல் கப்பலாகச் சரக்கு முடங்கியது. விவசாயிகள் கடனில் வீழ்ந்தார்கள். அந்த அடிக்குப் பிறகு எச்சக் கண்காணிப்பு மேலும் இறுக்கப்பட்டது. ஏற்றுமதித் தோட்டம் ஒவ்வொன்றும் பதிவு செய்யப்படுகிறது, மாதிரி எடுக்கப்படுகிறது, ஆய்வகத்தில் சோதிக்கப்படுகிறது, புனே அருகே மாஞ்சரியில் உள்ள தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையம் அதற்கு வழிகாட்டுகிறது. லண்டன் கடையில் இருக்கும் ஒரு பெட்டித் திராட்சை எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்று பின்னோக்கிச் சென்று கண்டுபிடித்துவிடலாம். இது நம் விஞ்ஞானிகளின் திறமை. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஆனால் எண்ணிப் பாருங்கள், தோழர்களே. பழத்தின் தோலில் இருக்கும் நச்சைக் கிலோவுக்கு மில்லிகிராமில் அளக்கும் அதே தோட்டத்தில், மருந்து தெளித்தவரின் தோலில் எவ்வளவு பட்டது, அவர் இரத்தத்தில் எவ்வளவு கலந்தது என்று அளக்க ஓர் ஏற்பாடும் இல்லை. தெளித்தவரின் பெயர்கூட எந்தப் பதிவேட்டிலும் நிரந்தரமாக இருப்பதில்லை. 2017-இல் விதர்பாவின் யவத்மாளில் பருத்திக்குப் பூச்சிமருந்து தெளித்த இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டு, நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்தபோதுதான், தெளிப்பவர் என்று ஒருவர் இருப்பது நாட்டின் நினைவுக்கு வந்தது. பிறகு மறந்தும் போயிற்று.

இனி ஆராய்ச்சிக்கு வருகிறேன். நம் நாட்டில் களை ஆராய்ச்சிக்கென்றே ஜபல்பூரில் ஒரு தேசிய நிறுவனம் 1989 முதல் இயங்குகிறது. அதன் விஞ்ஞானிகள் 18 மாநிலங்களில் விவசாயிகளின் வயல்களில் நடந்த சோதனைகளைத் தொகுத்து, களைகளால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,100 கோடி டாலர் இழப்பு என்று 2018-இல் மதிப்பிட்டார்கள். நெல், கோதுமை, சோளம், கடலை உள்ளிட்ட பத்து வயல் பயிர்களுக்கான கணக்கு அது. பழத்தோட்டம் அதில் இல்லை. ஆனால் இந்தத் தொகை களைக்கொல்லி விற்பவர்களின் கூட்டங்களில் ஒவ்வொரு முறையும் முதல் படமாகத் திரையில் வருகிறது. இழப்பு உண்மை, அதற்கு ஒரே தீர்வு டப்பாதான் என்பது அந்த ஆய்வு சொன்னதல்ல.

களைக்கொல்லிச் சோதனை அறிக்கைகளைப் படித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. வழக்கமாக ஒரு பாத்தியில் களையை அப்படியே விட்டுவிடுவார்கள். ஒரு பாத்தியில் கையால் எடுப்பார்கள். மற்றவற்றில் வெவ்வேறு மருந்துகள். விளைச்சலில் கையால் களையெடுத்த பாத்தி பெரும்பாலும் முதலிடத்தில் அல்லது அதற்கு மிக அருகில் இருக்கும். பிறகு "நிகர வருமானம்", "வரவு-செலவு விகிதம்" என்ற இரண்டு பத்திகள் வரும். அங்கே மருந்து வென்றுவிடும். காரணம், கூலி அங்கே செலவு. அந்தக் கூலி ஒரு குடும்பத்தின் வருமானம் என்பதற்கு அட்டவணையில் பத்தி கிடையாது. தெளிப்பவரின் மருத்துவச் செலவுக்கும், இழந்த தீவனப் புல்லுக்கும், பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் அடித்த 2,4-டி காற்றில் மிதந்து வந்து திராட்சை இலைகளைச் சுருட்டிவிட்டால் ஏற்படும் நட்டத்திற்கும் பத்தி கிடையாது. திராட்சை அந்த மருந்துக்கு மிக மென்மையான பயிர். மிகச் சிறிய அளவிலேயே பாதிக்கப்படும். விஞ்ஞானி பொய் சொல்லவில்லை. கணக்குப் புத்தகம் முதலாளியின் பக்கத்திலிருந்து எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

மருந்துக்குப் பழகிவிட்ட களையின் கதையும் பழத்தோட்டத்தோடு தொடர்புடையது. கிளைபோசேட்டுக்கு எந்தக் களையும் எதிர்ப்புப் பெறாது என்று நிறுவன விஞ்ஞானிகள் நம்பிக்கையோடு எழுதிய காலம் ஒன்று இருந்தது. 1990-களின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் ரைபுல் அந்த நம்பிக்கையை உடைத்தது. முதலில் பதிவானவற்றுள் ஒன்று, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஆரஞ்ச் என்ற ஊரின் பழத்தோட்டத்தில், பதினைந்து ஆண்டுகள் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை அதே மருந்து தெளிக்கப்பட்ட இடத்தில் நிகழ்ந்தது. தென்னாப்பிரிக்கத் தோட்டங்களிலும் கலிபோர்னியாவிலும் இதே கதை. உழவில்லாத, பயிர் மாறாத, ஒரே மருந்தைக் காணும் நிலத்தில் இது நிகழாமலிருந்தால்தான் வியப்பு. நம் நாட்டிலும் அரியானாவின் கோதுமை வயல்களில் ஃபலாரிஸ் என்ற களை ஐசோபுரோட்யூரானை எதிர்த்து நின்று 1990-களில் விவசாயிகளை நிலைகுலையச் செய்தது. ஒரு மருந்து தோற்றால் நிறுவனத்திற்கு நட்டமில்லை. அடுத்த மருந்து கூடுதல் விலையில் காத்திருக்கிறது. பிரான்ஸில் 2017-இல் மக்ரோன் மூன்றாண்டுகளில் கிளைபோசேட்டை ஒழிப்பதாக அறிவித்தார், நடக்கவில்லை. ஆனால் 2020-இல் அந்நாட்டு முகமை, இயந்திரக் களையெடுப்பு இயலும் திராட்சைத் தோட்டங்களில் வரிசைகளுக்கிடையே தெளிப்பதை நிறுத்தியது. மொத்த அளவையும் ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தது. மாற்று இருக்கும் இடத்தில் மட்டும் மறுப்பது என்ற அந்த அணுகுமுறை நம் ஆலோசனைக்கு உரியது.

ஒரு சிறு கிளைக்கதை. பார்த்தீனியம், மராட்டியத்தில் "காங்கிரஸ் புல்" என்பார்கள், பி.எல்.480 கோதுமையோடு வந்தது என்று நாமே பல மேடைகளில் பேசியிருக்கிறோம். அந்த ஒப்பந்தம் 1956 ஆகஸ்டில் கையெழுத்தானது. புனேயில் இச்செடி கண்டறியப்பட்டது 1955-இல். அமெரிக்கக் கோதுமை 1951-ஆம் ஆண்டுக் கடனிலேயே வரத் தொடங்கிவிட்டது. ஆக, கோதுமையோடு வந்திருக்கலாம். அந்த ஒப்பந்தத்தோடு வந்தது என்பது நாள்காட்டிக்குப் பொருந்தாது. இதைக் கையால் பிடுங்குபவர்களுக்குத் தோல் வெடிப்பும் அரிப்பும் வரும். எனவே மருந்து நஞ்சு, கைவேலை புனிதம் என்ற பேச்சும் வேண்டாம். குனிந்த முதுகோடு நாள் முழுக்கக் களை பிடுங்கும் பெண்ணை அதே நிலையில் வைத்திருப்பதற்காக நாம் போராடவில்லை.

இப்போது, ஒத்திவைத்த மோதலுக்கு வருகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் திண்டோரி வட்டத்தில் ஒரு மூன்று ஏக்கர் திராட்சை விவசாயியின் தோட்டத்திற்குத் தோழர்களோடு சென்றிருந்தேன். அவர் விவசாயிகள் சங்க உறுப்பினர். "களைக்கு ஆள் வைத்தால் பழம் விற்ற காசு அதற்கே போய்விடும், தாதா. வங்கிக் கடன் யார் கட்டுவது?" என்றார். அவர் பேசியது பொய்யில்லை. வியாபாரி தரும் விலையில் அவருக்குப் பேரம் பேச இடமில்லை. மருந்துக்கும் உரத்திற்கும் நிறுவனம் சொன்ன விலை. குறைக்க முடிந்த ஒரே செலவு கூலிதான். அதே தோட்டத்தில் முதுகில் மருந்துப் பம்பைச் சுமந்து நின்ற பெண்ணிடம் பேசினோம். அவர் தாய்மொழி கோக்ணி. டப்பாவோடு வந்த துண்டுப்பிரசுரம் பொடி எழுத்தில், மடிப்புக் கலையாமல் கிடந்தது. கையுறை இல்லை; வாயில் சேலைத் தலைப்பு. "முன்பு கவாத்துக்குப் பிறகு நாங்கள் பத்துப் பேர் களையெடுக்க வருவோம். இப்போது நான் ஒருத்தி வந்து அடித்துவிட்டுப் போகிறேன். மற்றவர்கள் வீட்டில் இருக்கிறார்கள்" என்றார். இதைச் சொன்னபோது அவர் குரலில் புகார் இல்லை. மற்ற ஒன்பது பேரிடத்தில் ஏதோ தவறு செய்தவரைப் போன்ற கூச்சம் இருந்தது. அந்தக் கூச்சம் இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

விவசாயிகள் சங்கத்தின் மாநாட்டில் நாம் இடுபொருட்களுக்கு மானியம் கேட்கிறோம். 2022-இல் சிம்லாவில் ஆப்பிள் விவசாயிகள் அட்டைப்பெட்டிக்கான 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யை எதிர்த்துத் திரண்டபோதும் இடுபொருள் செலவு ஒரு பெரும் பிரச்சினையாக முன்வந்தது. விவசாயத் தொழிலாளர் சங்க மாநாட்டில் அபாயகரமான மருந்துகளைத் தடை செய், வேலை நாட்களைக் கூட்டு என்கிறோம். இரண்டு தீர்மானங்களும் ஒரே மண்டபத்தில், ஒரே கொடியின் கீழ், வெவ்வேறு மாதங்களில் நிறைவேறுகின்றன. ஒன்றை மற்றொன்றின் முன்னால் வைத்து நாம் விவாதித்ததில்லை. என் கருத்தைச் சொல்கிறேன். மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. எல்லாக் களைக்கொல்லியையும் இன்றே ஒழி என்ற முழக்கம் சிறு விவசாயியை நம்மிடமிருந்து விலக்கும். தொழிலாளிக்கும் அது வேலையைத் திருப்பித் தராது. பாராகுவாட்டைத் தடை செய் என்பதில் மட்டும் எந்தத் தயக்கமும் கூடாது. அதற்குப் பதிலாக வேறு வழிகள் இருக்கின்றன என்பதை அனுபவம் காட்டிவிட்டது. கிளைபோசேட்டைப் பொறுத்தவரை, அனுமதியில்லாத பயிருக்கு விற்பவரைத் தண்டிக்க வேண்டும்; வாங்கியவரை அல்ல. மானியத்தை மருந்துக்குக் கேட்பதை நிறுத்தி, மூடாக்குக்கும், புல்வெட்டும் இயந்திரத்திற்கும், கொடியின் அடியில் களை நீக்கும் கருவிக்கும், சணப்பு, தட்டைப்பயறு போன்ற மூடுபயிர் விதைக்கும் கேட்க வேண்டும். இந்தக் கருவிகள் கூட்டுறவுச் சங்கத்தின் கையில் இருந்து, அவற்றை இயக்கும் வேலை அந்த ஒன்பது பெண்களுக்குப் பயிற்சியோடு, ஆண்களுக்கு நிகரான கூலியோடு தரப்பட்டால், வேலையும் போகாது, முதுகும் ஒடியாது. வேலை உறுதித் திட்ட நாட்களைச் சிறு விவசாயிகளின் தோட்ட மூடாக்குப் பணிக்கு இணைக்கலாமா என்பதில் தோழர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பெருந்தோட்ட முதலாளிகள் அதைத் தின்றுவிடுவார்கள் என்ற அச்சம் நியாயமானது. அதை இன்று தீர்க்க முடியாது.

இன்று தொடங்கக்கூடிய ஒன்று இருக்கிறது. அக்டோபர் கவாத்து தொடங்குமுன் திண்டோரி, நிஃபாட் தோழர்கள் தோட்டம் தோட்டமாகச் சென்று, யார் தெளிக்கிறார், எந்த மருந்து, கையுறை உண்டா, ரசீது உண்டா, முன்பு களையெடுத்தவர்கள் இப்போது எங்கே என்று எழுதிவர முன்வந்திருக்கிறார்கள். படிவத்தை மராத்தியில் அச்சிட்டாயிற்று. கோக்ணியில் வாய்மொழியாகக் கேட்பதற்குப் பெண் தோழர்கள் தேவை. இங்குள்ள மருத்துவமனைகளிலும் மருந்துக்கடைகளிலும் பணிபுரியும் தோழர்கள் விடுமுறை நாட்களில் உடன் செல்லலாம். செல்பவர்கள் தோட்டத் தொழிலாளர்களிடம் சொல்ல வேண்டியவை: பாராகுவாட் உடம்பில் பட்டால் உடையை உடனே கழற்றிச் சோப்பும் தண்ணீரும் கொண்டு நீண்ட நேரம் கழுவ வேண்டும், வாயில் சிறிது போனாலும், உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், காத்திருக்கக்கூடாது, டப்பாவை அல்லது அதன் மேலுள்ள சீட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். இன்ன மருந்து என்று முதலிலேயே மருத்துவரிடம் சொல்வது முக்கியம். ஏனெனில் இந்த நஞ்சில் தேவையற்று ஆக்சிஜன் கொடுப்பது நுரையீரலுக்கு மேலும் கேடு செய்யும். காலி டப்பாவைத் தண்ணீர் குடிக்கவோ எண்ணெய் வைக்கவோ எடுத்துச் செல்லக்கூடாது. பெயர் கொடுக்க விரும்புபவர்கள் மதிய உணவுக்கு முன் கொடுத்துவிடுங்கள். முதல் குழு ஞாயிற்றுக்கிழமை காலை புறப்படுகிறது.